ஜப்பானிய ஹோம்ஸ்டே: ஒரு நாள் எப்படிப் போகும், எங்கே சிக்கும்?

ஜப்பானில் மொழிப்பள்ளியில் சேரப்போகிறீர்கள், முதல் ஆறு மாதம் ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு தங்க ஏற்பாடாகியிருக்கிறது, சைவம் வேறு. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் விசாவில் வருபவருக்கு வாரம் குறைந்தது 20 மணி நேர வகுப்பு உண்டு. காலை 9 மணி வாக்கில் தொடங்கி மதியம் முடியும், அல்லது மதியம் தொடங்கி மாலையில் முடியும். அட்டவணை, வீட்டுப்பாடம், வருகைப்பதிவு எல்லாவற்றையும் முதல் நாளே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குள் நடப்பதைத்தான் யாரும் எழுதித் தரமாட்டார்கள். அங்கே வரும் மனக்கசப்பில் பெரும்பங்கு இரண்டே இடத்தில் பிறக்கிறது: ஒன்று இரவுச் சாப்பாடு, இன்னொன்று குளியல். இரண்டும் பழகிவிட்டால் மற்ற சறுக்கல்களைச் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். அதனால் காலையிலிருந்து வரிசையாகச் சொல்லாமல் மாலையிலிருந்து தொடங்குகிறேன்.

பெரும்பாலான ஏற்பாடுகளில் காலை உணவும் இரவு உணவும் கட்டணத்தில் சேர்ந்திருக்கும்; மதிய உணவு உங்கள் பொறுப்பு. இரவுச் சாப்பாடு ஆறரையிலிருந்து ஏழரைக்குள் இருக்கும். வீட்டு அம்மா அன்றன்றைக்குக் கடைக்குப் போய், ஆளுக்கு ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று எண்ணித்தான் வாங்குவார். நம் வீடுகளில் குழம்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வந்தவருக்கு ஊற்றிவிடலாம். அங்கே அந்தக் கணக்கு இல்லை. நீங்கள் வராவிட்டால் ஒரு தட்டு அப்படியே மிஞ்சும், சொல்லாமல் ஒரு நண்பரை அழைத்து வந்தால் ஒரு தட்டு குறையும். ஆகவே வெளியே சாப்பிடுவதாக இருந்தால் முந்தின இரவே சொல்லிவிடுங்கள். அன்றைக்குத்தான் முடிவாகிறது என்றால் மதியத்துக்குள், அதாவது அவர் கடைக்குப் போகும் முன், வாட்ஸ்அப் போன்ற லைன் (LINE) செயலியில் ஒரு வரி போட்டால் போதும்: "க்யோ வா சோதோ தே தாபெமாஸ். குஜி கோரோ காயெரிமாஸ்." இன்று வெளியே சாப்பிடுகிறேன், ஒன்பது மணி வாக்கில் வருகிறேன் என்று பொருள். நேரத்தைச் சொல்வது முக்கியம், ஏனென்றால் நீங்கள் வந்து சேரும்வரை யாராவது ஒருவர் தூங்காமல் இருப்பார். ஏழு மணிக்கு "இன்று சாப்பாடு வேண்டாம்" என்று அனுப்புவதுதான், ஹோம்ஸ்டே ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்குப் புகாராகப் போகும் ரகம். தாமதமாக வருவதைவிட இது பெரிய தவறு.

இனி சைவம். விண்ணப்பப் படிவத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். இறைச்சி மட்டும் வேண்டாம், மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். கொஞ்சமாகப் போட்ட பன்றிக்கறி, சாலட்டில் தூவிய ஹாம் இவையெல்லாம் கணக்கில் வராது என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், இறால், சிப்பி வகை, முட்டை உண்டா, பால் உண்டா, ஜெலட்டின் உண்டா, சமையலில் ஊற்றும் சாகேயும் மிரினும் சரியா. சாகேயும் மிரினும் மதுவகை, கொதிக்கும்போது ஆல்கஹால் ஓரளவு ஆவியாகிவிடும், ஆனாலும் சிலருக்கு அது ஒரு கேள்விதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 'தாஷி'. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு அது. பெரும்பாலும் கத்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவிய சீவலிலோ, சிறு கருவாட்டிலோ எடுப்பார்கள். மிசோ சூப் (மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது), உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், தெம்புரா என்ற பஜ்ஜி போன்ற பொரியலுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி, முட்டைச் சுருள் என்று கண்ணுக்கு மீன் தெரியாத இடத்திலெல்லாம் அது இருக்கும். நாத்தோ என்ற புளிக்கவைத்த சோயா பயறுப் பொட்டலத்தோடு வரும் குட்டிச் சாஸ் பாக்கெட்டிலும் பெரும்பாலும் இருக்கும். 'காய்கறி மட்டும் போட்ட கறி ரைஸ்' (மசாலாக் குழம்பு ஊற்றிய சோறு) என்று அன்போடு செய்து வைப்பார்கள். அந்தக் கட்டிக் கறிமசாலாவிலேயே மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ சேர்ந்திருப்பது சாதாரணம். பொட்டலத்தின் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்து மீன் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. மாடு, கோழி, பன்றி, ஜெலட்டின் எல்லாம் அந்தப் பட்டியலில் வரலாம். கத்சுவோ அதில் சேராது. மூலப்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். கத்சுவோ, தாஷி, பன்றி, கோழி, ஜெலட்டின் ஆகியவற்றுக்கான ஜப்பானிய எழுத்துகளைப் படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதில் என் கருத்து: தாஷியை ஏற்பதா இல்லையா என்பதைக் கிளம்பும் முன்பே நீங்கள் முடிவுசெய்துவிட வேண்டும். ஏற்றுக்கொள்ள முடியுமானால் உங்களுக்குக் குடும்பம் கிடைப்பது எளிது, அன்றாடமும் இலகுவாக ஓடும். முடியாது என்றால் அது உங்கள் உரிமை; ஆனால் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். போய் இறங்கி, மூன்று வாரம் மிசோ சூப் குடித்துவிட்டு நாலாவது வாரம் சொன்னால், இதுவரை தவறு செய்துவிட்டோமே என்று அந்த அம்மா குன்றிப்போவார். மாற்று வழியும் கைவசம் இருக்கட்டும்: ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் 'கொம்பு' (kombu) என்ற உலர்ந்த கடற்பாசியை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவைத்து, காலையில் மெல்லச் சூடாக்கி, கொதிவரும் முன் பாசியை எடுத்துவிட்டால் அதுவே தாஷி. கொதிக்கவிட்டால் வழவழப்பும் ஒருவிதக் கசப்பும் இறங்கும். உலர்ந்த ஷீதாகே காளானை நாலைந்து ஊறப்போட்ட தண்ணீரையும் சேர்த்தால் சுவை கூடும். இந்த முறை ஜப்பானியருக்குப் புதிதல்ல, பௌத்தக் கோயில் சமையல் இப்படித்தான். நீங்களே முந்தின இரவு ஊறப்போட்டு வைத்துவிட்டால் அவர் வேலையும் பாதி குறையும். மிசோ வாங்கும்போது தாஷி கலந்தது, கலக்காதது என்று இரண்டு வகை உண்டு. கலக்காததை வாங்கச் சொல்லுங்கள்.

சமைக்க ஆசை வரும். முதலில் கேளுங்கள், வார நாள் மாலையில் வேண்டாம், சனி ஞாயிறு மதியம் நல்லது. தாளிப்பு வாசனை நமக்குப் பசியைக் கிளப்பும், அங்கே திரைச்சீலையிலும் உள்ளே காயும் துணியிலும் இரண்டு நாள் தங்கும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியை எண்ணெய் ஊற்றும் முன்பே போட்டு, முடிந்தபின் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். வறமிளகாயைக் கருகவிட்டால் வீடே இருமும்.

ஜப்பானிய எரிவாயு அடுப்பில் ஒரு சங்கதி: 2008-லிருந்து விற்கும் வீட்டு அடுப்புகளில் எல்லா பர்னரின் நடுவிலும் சூடறியும் சென்சார் இருக்கிறது. பாத்திரத்தின் அடி சுமார் 250 டிகிரியைத் தொட்டால் தீ தானாகக் குறையும் அல்லது அணையும். தோசைக்கல்லை வெறுமனே காயவைத்தால் நடப்பது இதுதான், அடுப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பல அடுப்புகளில் அதிக சூட்டு வறுவலுக்கென ஒரு பொத்தான் இருக்கும், மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் வரம்பு கொஞ்சம் உயரும். மின்காந்த (இண்டக்‌ஷன்) அடுப்பு உள்ள வீட்டில் அடி வளைந்த வாணலியும் அலுமினியப் பாத்திரமும் வேலைக்காகாது. மிக்சியை மூட்டை கட்டாதீர்கள்: அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் மோட்டார் திணறும். போன், மடிக்கணினி சார்ஜர்களுக்குப் பிரச்சினை இல்லை, இரட்டைத் தட்டை முள் பிளக் மட்டும் வேண்டும். மிஞ்சிய எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றக்கூடாது. தாளில் உறிஞ்சவிட்டு எரிக்கும் குப்பையில் போட வேண்டும். அவர்கள் அரிசி குட்டையானது, ஒட்டும். தயிர்சாதத்துக்கு அருமை, சாம்பார் சாதத்துக்கு உருண்டையாகும். பச்சைக் கறிவேப்பிலையைத் தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் விமானநிலையத்தில் விடமாட்டார்கள், இறைச்சிப் பண்டங்களும் கூடாது. பெருங்காயம், அரைத்த பொடிகள் என்று திட்டமிடுங்கள்.

மேசையில்: தொடங்கும்போது "இதாதாகிமாஸ்", முடிக்கும்போது "கோச்சிசோசாமா". குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் சாவுச் சடங்கோடு தொடர்புடையவை, இரண்டையும் தவிர்க்கவும். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுமிடத்துக்கு எடுத்துப்போங்கள், ஆனால் எண்ணெய்த் தட்டின் மேல் சுத்தமான கிண்ணத்தை அடுக்காதீர்கள். அதன் அடியையும் சேர்த்துத் தேய்க்க வேண்டிவரும்.

இப்போது குளியல். தொட்டியில் நிரப்பிய வெந்நீர் வீட்டில் எல்லோருக்கும் பொது. சுமார் 40 முதல் 42 டிகிரி. ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் இறங்குவார்கள். அதனால்தான் தொட்டிக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து சோப்பு, ஷாம்பு எல்லாம் போட்டு முழுவதும் அலசிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். தொட்டிக்குள் சோப்பு இல்லை, துண்டு இல்லை, நீளமுடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு இறங்கினால் தண்ணீர் மேல் படலம் மிதக்கும், அடுத்தவர் இறங்கமாட்டார். எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் தொட்டி வேண்டாம், ஷவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தலையணை மேல் ஒரு பழைய துண்டையும் விரித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. புதிதாக வந்தவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இது. அடுத்தவருக்கு மீண்டும் நிரப்பிச் சூடாக்க வேண்டும். பல வீடுகளில் மிஞ்சிய நீரைத் துணி துவைக்கவும் எடுப்பார்கள். மூடியைப் போட்டு, வடிகாலில் சிக்கிய முடியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். ஷவரை நுரை தேய்க்கும்போது மூடுங்கள். உங்கள் முறை எப்போது என்பதை முதல் நாளே கேளுங்கள். "பிறகு குளிக்கிறேன்" என்று பத்து மணிவரை தள்ளினால் கடைசியாகக் குளிப்பவரும் தொட்டியைக் கழுவுபவரும் காத்திருப்பார்கள்.

காலைக் குளியல் நம் பழக்கம். அங்கே அதற்கு முகம் சுளிப்பதற்குக் காரணம் தண்ணீர்ச் செலவு மட்டுமல்ல. குளியலறைக்குள் போகும் வழியே முகம் கழுவுமிடம், துவைக்கும் இயந்திரம் இருப்பதும் அங்கேதான். நீங்கள் உள்ளே போய்த் தாளிட்டால் வேலைக்குப் போகிற அப்பாவும் பள்ளிக்குப் போகிற பிள்ளையும் பல் துலக்க முடியாது. பத்து நிமிட ஷவர், அதுவும் எல்லோரும் எழும் முன் அல்லது கிளம்பிய பின் என்று பேசிக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கழிப்பறை தனி அறை. உள்ளே அதற்கென்றே செருப்பு இருக்கும், அதை மாட்டிக்கொண்டே வெளியே வந்துவிடுவது அன்றாட நகைச்சுவை. தரையில் வடிகால் இல்லை. குவளையில் தண்ணீர் கொண்டுபோய்ச் சிந்தினால் தரையோரம் ஊறி உப்பும். தண்ணீர் பீய்ச்சும் பொத்தான் இருக்கை ஓரத்திலோ சுவரிலோ இருக்கும். நிறுத்தும் பொத்தான் எது என்று முதலில் கேட்டுவிட்டு அழுத்துங்கள். தாளைக் கோப்பையிலேயே போட்டு நீர் விட வேண்டும், நாப்கின் மட்டும் மூலையில் உள்ள பெட்டியில். குளியலறைத் தரை மட்டும்தான் நனையலாம், வேறெங்கும் ஈரக்கால் கூடாது.

காலை விஷயங்கள் சீக்கிரம் முடியும். தாதாமி பாய் அறையில் தரைமெத்தை என்றால் எழுந்ததும் சற்று ஆறவிட்டு மடித்து அலமாரியில் வைக்க வேண்டும். விரித்தே போட்டால் வியர்வை ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஜூன் மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். மரத்தரையில் நிலைமை மோசம். பாய் மேல் செருப்பு கூடாது. வாசலில் காலணி கழற்றுமிடம் வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும், அங்கே காலுறையோடு மிதித்துவிட்டு மேலே ஏறுவதும் கூடாது. கழற்றியபடியே மேல்தளத்தில் கால்வைத்து, பிறகு காலணியை வாசலைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். கிளம்பும்போது "இத்தேகிமாஸ்", திரும்பும்போது "தாதாய்மா". சத்தமின்றி நுழைந்து அறைக்குள் மறைவது அங்கே மிக அந்நியமாகத் தெரியும்.

குப்பை கிழமைக் கணக்கில் போகும். எரிப்பது பெரும்பாலும் வாரம் இருமுறை, பிளாஸ்டிக் ஒருமுறை. அன்று காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின இரவு வைத்தால் காக்கை கிழிக்கும். பெட் (PET) எனப்படும் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் பிரித்து, அலசி, நசுக்கிப் போட வேண்டும். ஊருக்கு ஊர் விதி வேறு, சமையலறையில் ஒட்டிய அட்டவணையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறைக் குப்பையைத் தப்பாகப் பிரித்தால் அக்கம்பக்கத்தில் பேர் கெடுவது உங்களுக்கல்ல, அந்தக் குடும்பத்துக்கு.

பயணம்: ஹோம்ஸ்டே வீடுகள் பெரும்பாலும் புறநகரில், ஒருவழிக்கு ஒரு மணி நேரம் சகஜம். மாதப் பயணச்சீட்டை வாங்கிவிடுங்கள், ஆனால் பல மொழிப்பள்ளிகளின் மாணவர்களுக்கு மாணவர் சலுகை விலை கிடைப்பதில்லை, முழு விலையில் பட்ஜெட் போடுங்கள். கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடும். வாரம் 28 மணி நேரம்வரை பகுதிநேர வேலைக்குத் தனி அனுமதி வாங்கலாம். இரவு நேர வேலையும் ஹோம்ஸ்டேயும் ஒத்துப்போகாது.

இரவு போன் பேச்சு இன்னொரு சிக்கல். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அப்பா அம்மா சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு அழைத்தால் உங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, சுவர்களோ மெல்லியவை. இந்திய நேரம் மாலை ஐந்தரை, அதாவது அங்கே ஒன்பது என்று வீட்டில் சொல்லி வையுங்கள். துவைப்பு வாரம் எத்தனை முறை, எந்த நாள் என்று கேளுங்கள்; மஞ்சள்கறை பட்ட துணியை வீட்டுத் துணியோடு போடாதீர்கள்.

குளிர்காலத்தில் அறைக்கு அறைதான் சூடு, நடைவழி பனிக்கட்டிபோல இருக்கும். மண்ணெண்ணெய் ஹீட்டர் என்றால் மணிக்கொருமுறை ஓரிரு நிமிடம் சன்னலைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. முடி உலர்த்தியும் மைக்ரோவேவும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும்: 1200 வாட் உலர்த்தி மட்டுமே 100 வோல்ட்டில் 12 ஆம்பியர் இழுக்கும், வீட்டு மொத்தமே 30 அல்லது 40 ஆம்பியராக இருக்கலாம். பெரிய நில அதிர்ச்சிக்குப் பின் எரிவாயு வராவிட்டால் மீட்டர் தானாக மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைத் திரும்பத் திறப்பது வீட்டுக்காரர் வேலை. நில அதிர்ச்சி வந்தால் குடும்பம் எந்த இடத்தில் கூடுவது என்பதை முதல் வாரமே கேளுங்கள்.

பெயர் விஷயம் ஒன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால் பள்ளியும் குடும்பமும் உங்களை அப்பா பெயரோடு 'சான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்து அழைக்கத் தொடங்கிவிடும். முதல் சந்திப்பிலேயே எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரர்களை ஒகாசான் (அம்மா), ஒதோசான் (அப்பா) என்று அழைக்கலாமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்வார்கள், வயது குறைந்த தம்பதி என்றால் வேறு பெயர் சொல்வார்கள். விமானநிலையத்தில் தரும் குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். அந்த வீட்டு முகவரியில் பதிவதால் குடும்பத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். தபால்பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கடிதம் திரும்பிப் போகலாம்.

கடைசியாக, குறையை நேருக்கு நேர் சொல்லமாட்டார்கள். "இரவு ரொம்ப நேரம் விழித்திருக்கிறாயே, களைப்பாக இல்லையா" என்றால் சத்தம் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நேரடிப் புகார் வாரக்கணக்கில் தாமதித்து ஏஜென்சி ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் வரும், அப்போது அவர்கள் ரொம்பவே பொறுத்திருப்பார்கள். அதைத் தவிர்க்க, இரண்டாம் வார முடிவில் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள். "ஏதாவது மாற்ற வேண்டுமா" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் வரும். குளியல் நேரம் சரியா, துணி எந்த நாள் துவைக்கட்டும், இரவு எத்தனை மணிக்குப் பிறகு பேசக்கூடாது என்று தனித்தனியாகக் கேட்டால் பதில் கிடைக்கும். உங்கள் பக்கக் குறையை, முக்கியமாக உணவு பற்றியதை, ஒருங்கிணைப்பாளரிடம் முதல் மாதமே சொல்லுங்கள். குடும்பத்தை மாற்ற எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், மீதிப் பணம் திரும்புமா, புத்தாண்டு விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் போனால் நீங்கள் எங்கே தங்குவது, இந்த மூன்றுக்கும் பதிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.